பேரும் கணக்கும்

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



ராப் பாட்டு பற்றிப் பேசுங்கள் என்று மாணவத் தோழர்கள் கேட்டபோது முதலில் மறுத்தேன். எனக்கு வயது ஐம்பத்தேழு. தொண்ணூறுகளில் ஒரு கலைக்குழுவோடு ஊர் ஊராகப் போய்ப் பறையடித்தவன். தெரிந்தது பறை, கொஞ்சம் ஒப்பாரி, கொஞ்சம் கானா. ராப் என்றால் 1994இல் 'காதலன்' படத்தில் வந்த 'பேட்டை ராப்'தான் எனக்கு. நம்ம பேட்டைப் பேச்சு அங்கே வேடிக்கையாச்சு. ஊரே ஆடியது, நானும் ஆடினேன். ஆடி முடிச்சப்புறம்தான் உறைத்தது. அதோடு அந்தப் பக்கம் காது கொடுப்பதை விட்டுவிட்டேன்.

அப்படிப்பட்டவனை இழுத்துக்கொண்டு வந்தவன் என் அக்கா மகன். பெரும்பாக்கத்தில், வாரியக் குடியிருப்பில் இருக்கான். ஊருக்குள்ள ஆற்றங்கரையில் மூணு தலைமுறையாக இருந்தவர்களைப் பெயர்த்துக் கொண்டுபோய்க் கடைசியில் போட்டார்களே, அந்த அடுக்குமாடிகளில் ஒன்று. ஒருநாள் போனில் ஒரு இணைப்பு அனுப்பினான். 'மாமா, நாங்க பண்ணது. கேட்டுட்டுச் சொல்லு.' பஸ்ஸில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். மொட்டைமாடி. நாலு பசங்க. பின்னால் தண்ணீர்த் தொட்டி, காயப் போட்ட துணி. கேமராவும் போன்தான். லிஃப்ட் ஓடாத எட்டாவது மாடியிலிருந்து பாட்டியின் பிணத்தைப் படிவழியாக இறக்கிய கதையைப் பாடுறாங்க. விடியக்காலையில் கிளம்பி, பழைய இடத்துக்கே வீட்டு வேலைக்குப் போகிற அம்மாவைப் பாடுறாங்க. நடுவில் ஒருத்தன் கேமராவை நேராகப் பார்த்து எங்கள் சாதிப் பெயரைச் சொல்லி, 'ஆமா, நான்தான்' என்கிற மாதிரி நிற்கிறான்.

தோழர்களே, அந்த இடத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? சட்டென்று சத்தத்தைக் குறைத்தேன். பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தாரா என்று பார்த்தேன். முப்பது வருஷம் மேடையில் சாதி ஒழிப்புப் பேசியவனின் விரல் அது. பதினெட்டு வயசுப் பையன் சத்தமாகச் சொன்னதை நான் அமுக்கினேன். அந்த வெட்கத்தில்தான் இந்தப் பாட்டுகளைத் தேட ஆரம்பித்தேன். இன்றைக்குப் பேசுவதும் அந்த வெட்கத்திலிருந்துதான்.

தேடினால் ஒன்று இன்னொன்றைக் காட்டுகிறது. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியதை நீங்கள் அறிவீர்கள். பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. அந்தப் பெயருக்குப் பின்னால் பண்டிதர் அயோத்திதாசர் இருக்கிறார். சாதிபேதமற்ற தமிழர் என்று அவர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சொன்ன சொல், நம்ம பசங்க சட்டையில் ஏறி நின்றது. பறை, சட்டி, டோலக் ஒரு பக்கம். கிட்டார், டிரம்ஸ் ஒரு பக்கம். கானாவும் ராப்பும் ஒரே மேடையில். இட ஒதுக்கீட்டைப் பாடினார்கள், மாட்டுக்கறியைப் பாடினார்கள். கூட்டத்தில் நாம் அரைமணி நேரம் விளக்கும் விஷயத்தை மூணு நிமிஷத்தில் கேட்பவன் வாயில் முணுமுணுக்க வைத்தார்கள்.

அந்தக் குழுவில் பாடிய அரக்கோணத்து அறிவு, 2019இல் ஆஃப்ரோ என்ற இசைக்கலைஞரோடு சேர்ந்து 'தெருக்குரல்' தொகுப்பை வெளியிட்டார். தூத்துக்குடியில் 2018 மே 22 அன்று போலீஸ் சுட்டுக் கொன்ற மாணவி ஸ்னோலின் பெயரிலேயே அதில் ஒரு பாட்டு. சினிமாக் கம்பெனி இல்லை, கதாநாயகன் இல்லை. தனியாகச் செய்து, தனியாக வெளியிட்டார்கள்.

வெளியே போனால் ஒடிசாவில் கோராபுட்டிலிருந்து வந்த சுமித் சமோஸ். ஜே.என்.யூ.வில் படித்துக்கொண்டே சாதியை எதிர்த்து ராப் பாடியவர். அதே ஒடிசாவில் காலாஹாண்டியைச் சேர்ந்த துலேஷ்வர் தாண்டி. பட்டதாரி, தலித், ராய்ப்பூருக்குக் கூலி வேலைக்குப் போனவர். 2020 ஊரடங்கில் ஊர் திரும்பிய தொழிலாளிகளின் நிலைமையைப் போனில் பாடி அனுப்பினார். நாடு முழுக்கப் பார்த்தது. ஆக இது சென்னைப் பசங்களின் விளையாட்டுப் புத்தி மட்டும் என்று நினைக்க வேண்டாம். போன் கைக்கு வந்த இடமெல்லாம் நம்மவன் வாய் திறக்கிறான்.

இதை நான் ஒரு மூத்த தோழரிடம் சொன்னபோது, 'இது அமெரிக்கக் கலாச்சாரம் தோழர், நமக்கு எதுக்கு?' என்றார். அவருக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

எந்த அமெரிக்கா என்று கேட்க வேண்டும். நியூயார்க்கில் பிராங்க்ஸ் என்று ஒரு பகுதி. அதன் நடுவே பெரிய சாலை ஒன்றைப் போட்டார்கள். கார்க்காரன் வேகமாகப் போவதற்காகப் பல்லாயிரம் ஏழைகளின் வீடுகள் இடிந்தன. மிச்சமிருந்த கட்டடங்கள் எரிந்தன, கவனிப்பாரில்லை. அங்கே 1973 ஆகஸ்ட் 11 அன்று, ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில் சிண்டி கேம்ப்பெல் என்ற பெண் ஒரு விருந்து வைத்தாள். எதுக்கு? பள்ளிக்கூடம் திறக்கப்போகுது, புதுத் துணி வாங்கக் காசு வேணும். நுழைவுக் கட்டணம் சில்லறைக் காசு. ஜமைக்காவிலிருந்து வந்த அவளுடைய அண்ணன், 'கூல் ஹெர்க்' என்று பின்னால் பேர் வாங்கியவர், இரண்டு இசைத்தட்டுகளை மாற்றி மாற்றி ஓட்டி, தாளம் மட்டும் வருகிற இடத்தை நீட்டினார். அந்தத் தாளத்தின் மேல் பேசினார்கள். அந்தப் பேச்சு வளர்ந்ததுதான் ராப். வீடு இடிபட்டவர்கள், பள்ளிக்கூடத் துணிக்குக் காசில்லாதவர்கள் தொடங்கியது. கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் இருக்கிற பையனுக்கு இதை யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

அந்தக் கறுப்பு மக்களோடு நமக்கு உறவு இன்றைக்கு வந்ததல்ல. 1946இல் அண்ணல் அம்பேத்கர், டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் நாம்தேவ் தசால் முதலானோர் இயக்கம் தொடங்கியபோது, கறுஞ்சிறுத்தைகளைப் பார்த்து 'தலித் பேந்தர்ஸ்' என்று பேர் வைத்தார்கள். கொள்கையை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம், தாளத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது என்றால் என்ன நியாயம்?

இன்னொன்றும் ஞாபகப்படுத்துகிறேன். தொண்ணூறுகளில் பறையைப் பற்றி நாம் போட்ட சண்டை. ஊர்ச் சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று போராடிய கிராமங்கள் உண்டு. அடிபட்டார்கள், ஒதுக்கிவைக்கப்பட்டார்கள், ஆனாலும் பறையைக் கீழே வைத்தார்கள். அதே காலத்தில் மதுரையில் தியோபிலஸ் அப்பாவு போன்றவர்கள் பறையை விடுதலைக் கருவியாக மேடையேற்றினார்கள். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையைக் கையில் எடுத்தார்கள். 'அடிமைச் சின்னத்தைத் தூக்கி வைத்து ஆடுகிறீர்களே' என்று ஒரு தரப்பு. 'ஆதி இசை எங்களுடையது' என்று இன்னொரு தரப்பு. ராத்திரி முழுக்கப் பேசியிருக்கிறோம். கடைசியில் நமக்குத் தெளிவானது என்ன? யார் கட்டளைக்கு அடிக்கிறோம், யார் பேரில் அடிக்கிறோம், கூலி யார் தீர்மானிக்கிறான். கேள்வி இதுதான். தோலிலும் சட்டத்திலும் சாதி இல்லை.

என் தாத்தா சாவுக்கு அடிக்கப் போவார். விடிய விடிய அடிப்பார். கொஞ்சம் நெல், கொஞ்சம் சாராயம். கொடுக்கிறவன் எட்டி நின்று போடுவான். 'நல்லா அடிச்சான்' என்று ஊர் சொல்லும். யார் அடிச்சான்? பேர் கிடையாது. சாதிப் பேர்தான் அவர் பேர். நூறு அடிகளை மனசில் வைத்திருந்த கலைஞனுக்குச் சொந்தப் பேர் இல்லை, கணக்கும் இல்லை.

இந்தக் கதை ராப்பிலும் முதல் நாளிலிருந்தே இருக்கிறது. 1979இல் 'ராப்பர்ஸ் டிலைட்' என்ற இசைத்தட்டு உலகமெல்லாம் ஓடியது. அதில் ஒருவர் பாடிய வரிகள், பிராங்க்ஸ் தெருவில் பாடிக்கொண்டிருந்த 'கிராண்ட்மாஸ்டர் காஸ்' என்பவரின் நோட்டிலிருந்து வந்தவை. காஸின் பேர் அதில் இல்லை, காசும் வரவில்லை. அதே இசைத்தட்டில் 'ஷிக்' என்ற புகழ்பெற்ற குழுவின் தாளமும் எடுத்தாளப்பட்டிருந்தது. அவர்கள் வழக்குப் போடுவோம் என்றார்கள். உடனே பேரும் வந்தது, பங்கும் வந்தது. ஒரே தட்டு தோழர்களே! வக்கீல் வைத்திருந்தவனுக்குப் பேர் கிடைத்தது. நோட்டு மட்டும் வைத்திருந்தவனுக்கு ஒன்றும் இல்லை.

நம்ம பக்கம் வருவோம். தாராவியில் தோல் பதனிடவும் மற்ற வேலைகளுக்கும் போய்க் குடியேறிய திருநெல்வேலிச் சீமைத் தலித்துகளின் பிள்ளைகள் எத்தனையோ பேர். அந்தத் தாராவித் தெருக்களில் ஒரு ராப் உலகமே உண்டு. 'டோப்அடெலிக்ஸ்' என்ற குழு அங்கிருந்து வந்தது. 2018இல் 'காலா' படத்தில் அவர்கள் தமிழில் பாடினார்கள், படத்திலும் வந்தார்கள். அடுத்த வருஷம் இந்தியில் 'கல்லி பாய்' வந்தது. பம்பாய்த் தெரு ராப்பர்களான டிவைன், நேஸி ஆகியோரின் வாழ்க்கையைத் தழுவிய படம். தாராவியில் கதை நடக்கிறது. வறுமை இருக்கிறது, மதம் இருக்கிறது, பணக்காரன் ஏழை இருக்கிறது. சாதி மட்டும் பேசப்படவில்லை. 2020இல் பதிமூன்று பிலிம்பேர் விருது வாங்கியது. சேரியை எடுத்துக்கொண்டு சாதியை விட்டுவிட்டால் விருதுக்குத் தடையில்லை என்று தெரிகிறது.

அப்புறம் 'என்ஜாய் எஞ்சாமி'. 2021 மார்ச்சில் வந்தது. சந்தோஷ் நாராயணன் இசை, அறிவும் தீயும் பாடினார்கள். அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, நிலமில்லாமல் திரும்பி வந்தவர். அந்தக் கிழவியின் கதை கோடிக்கணக்கான பேருக்குப் போய்ச் சேர்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரு இசைப் பத்திரிகையின் அட்டையில் தீயின் படம் வந்தது, அறிவு இல்லை. பா. ரஞ்சித் கேள்வி கேட்டார். கேட்ட பிறகு அறிவுக்கென்று தனியாக ஒரு இணைய அட்டை வந்தது. 2022இல் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தபோதும் அறிவு மேடையில் இல்லை. தன் உழைப்பைப் பற்றி அவர் பொதுவில் எழுதினார். சந்தோஷ் நாராயணனும் தீயும் தங்கள் தரப்பைச் சொன்னார்கள். யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே ஒன்று சொன்னார்: அந்தப் பாட்டிலிருந்து இதுவரை தங்களுக்கு வருமானமே வரவில்லை. யோசித்துப் பாருங்கள். இவ்வளவு பேர் பார்த்த பாட்டு, பேர்பெற்ற இசையமைப்பாளர், அவருக்கே கணக்கு வந்து சேரவில்லை என்றால், மொட்டைமாடியில் நிற்கிற நாலு பசங்களுக்கு யார் கணக்குச் சொல்வான்?

அந்த நாலு பசங்களின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பாட்டு கொஞ்சம் ஓட ஆரம்பித்ததும் ஒருத்தர் வந்தார். ஒரு கம்பெனி சார்பில் என்றார். பேர் வேண்டாம். நாலு பேருக்கும் சேர்த்துப் பதினைந்தாயிரம். எட்டுப் பக்கம் இங்கிலீஷில் ஒரு ஒப்பந்தம். 'மாமா, கையெழுத்துப் போடலாமா?' என்று என்னிடம் வந்தார்கள். எனக்குப் புரியவில்லை. ஒரு வக்கீல் தோழரிடம் கொண்டுபோனேன். படித்துவிட்டுச் சொன்னார்: பாட்டு, வரி, குரல், வீடியோ, இனிமேல் வரப்போகிற எல்லா வடிவமும், உலகம் முழுக்க, என்றைக்கும் கம்பெனிக்கு. பசங்க பேர் போட வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. மூணு பேர் பேப்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நாலாவது பையன், வரிகளை எழுதியவன், ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டான். அம்மா ஆஸ்பத்திரியில். அவனை நான் என்னவென்று திட்டுவது? என் தாத்தா நெல்லை வாங்கிக்கொண்டது போலத்தான் இவனும் வாங்கினான். பசி எழுத வைக்கிற கையெழுத்து அது.

ஆனால் அந்த வக்கீல் தோழர் அன்றைக்குச் சொன்ன விஷயங்கள் உங்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். குறித்துக்கொள்ளுங்கள்.

பதிப்புரிமைச் சட்டம் 1957. அதில் 57ஆவது பிரிவு. உரிமையை முழுக்க விற்றுவிட்டாலும், 'இதை எழுதியவன் நான்' என்று உரிமை கோருவது எழுதியவனிடமே இருக்கும். பணத்தைக் கொடுத்து உரிமையை வாங்கலாம், ஆக்கியவன் என்ற நிலையை வாங்க முடியாது. அடுத்து, 2012இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன்படி சினிமாவில் சேராத ஒலிப்பதிவாக இருந்தாலும், பாட்டு எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் அதன் பயன்பாட்டில் வரும் ராயல்டியில் சமபங்கு உண்டு. அதை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கினாலும் அந்த எழுத்து செல்லாது. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் மாற்றிக் கொடுக்கலாம். அப்புறம் 19ஆவது பிரிவு. எழுத்தில், கையெழுத்தோடு இல்லாமல் உரிமை கைமாறாது. எத்தனை வருஷம் என்று எழுதவில்லையென்றால் ஐந்து வருஷம்தான். எந்த ஊருக்கு என்று எழுதவில்லையென்றால் இந்தியாவுக்குள் மட்டும்தான்.

சட்டம் தானாக வந்து கதவைத் தட்டாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை வைத்து நாம் கற்றுக்கொண்ட பாடம் இது. எஃப்.ஐ.ஆர். போட வைக்கவே ஸ்டேஷன் வாசலில் உட்கார வேண்டியிருக்கிறது. பாட்டுக்கும் அப்படித்தான். அந்தப் பையனுக்காக ஒரு நோட்டீஸ் தயாராகிறது. என்ன ஆகும் என்று பார்ப்போம்.

நம்ம பக்கத்துக் குறைகளையும் பேச வேண்டும். எதிரியை மட்டும் பேசிவிட்டுப் போவது சுலபம்.

பசங்க பாட்டுகளை நான் கேட்டவரை, நிறையப் பாட்டில் கெத்துதான் மேலே நிற்கிறது. கத்தி, சரக்கு, பைக். 'அண்ணன் வந்தா அதிரும்' என்கிற தோரணை. பெண் வந்தால் ஏமாற்றிவிட்டுப் போனவளாக வருகிறாள். சாதிவெறியன் தன் பாட்டில் மீசை முறுக்குகிறான் என்று திட்டுகிறோமே, நம்ம பையன் முறுக்கினால் மட்டும் விடுதலையா? இசைவாணி கானா பாட வந்தபோது அது ஆண்களின் மேடை. அந்த மேடையில் தனக்கு இடம்பிடித்த பெண்ணை 2020இல் பிபிசி உலகின் நூறு பெண்களில் ஒருவராகச் சேர்த்தது. நம்ம சேரியில் அடுத்த இசைவாணிக்கு ராத்திரி பத்து மணிக்கு ஒத்திகைக்கு வர வழி இருக்கா? வீட்டில் விடுவார்களா? வந்தால் கூட இருக்கிற பசங்க ஒழுங்காக நடப்பார்களா? ஒரு பெண் புகார் சொன்னால், 'இயக்கத்துக்குக் கெட்ட பேர்' என்று அவள் வாயை மூடப் போகிறோமா? பேர் என்று நான் இவ்வளவு நேரம் பேசியது அவள் பேரையும் சேர்த்துத்தான்.

இயக்கத்துக்காரர்களே, நம்மையும் கேட்கிறேன். ஏப்ரல் 14க்கு நோட்டீஸ் அடிக்கிறோம். தலைவர்கள் பேர் பெரிய எழுத்தில். பேச்சாளர்கள் பேர் அடுத்து. கடைசி வரியில் 'கலை நிகழ்ச்சி நடைபெறும்'. யாருடைய கலை? பசங்களுக்குப் பஸ் காசு கொடுத்தோமா? சாப்பிட்டாங்களா என்று கேட்டோமா? 'சமூகத்துக்காகப் பாடு தம்பி' என்று தோளைத் தட்டி அனுப்புகிறோம். ஊர்க்காரன் எட்டி நின்று போட்டான். நாம் தோளைத் தட்டிவிட்டு ஒன்றும் போடாமல் விடுகிறோம். வித்தியாசம் எவ்வளவு?

ஆகவே நான் கேட்பது பெரிய காரியம் இல்லை.

ஒன்று, கேளுங்கள். நம்ம பகுதியில் யார் பாடுகிறான், யார் பாடுகிறாள் என்று தேடுங்கள். லட்சம் பேர் பார்த்த பாட்டைத் தேட வேண்டாம், அது தானே வரும். எழுபது பேர் பார்த்ததைத் தேடுங்கள். கேட்டுவிட்டு நல்லதை நல்லது என்றும், கோளாறைக் கோளாறு என்றும் அந்தப் பசங்களிடமே சொல்லுங்கள்.

இரண்டு, எழுதி வையுங்கள். எழுதியவர், பாடியவர், தாளம் போட்டவர், படம் பிடித்தவர், தேதி, இடம். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். நம் தாத்தாக்களுக்கு அப்படி ஒரு நோட்டு இல்லாமல் போனது. தாளம் இணையத்தில் இருந்து எடுத்ததென்றால் அது யாருடையது, அனுமதி உண்டா என்பதையும் எழுதுங்கள். நாம் மட்டும் இன்னொருத்தன் பேரை விழுங்கலாமா?

மூன்று, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வக்கீல் தோழர் ஒருவர் நம் படிப்பகத்தில் உட்காரட்டும். எந்தப் பையனும் பெண்ணும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பேப்பரை அங்கே கொண்டுவரட்டும். சட்டம் படிக்கும் மாணவர்கள் இங்கே இருக்கிறீர்கள், உங்களைத்தான் கேட்கிறேன். அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறவனுக்குக் கைமாற்றாகக் கொடுக்க ஒரு சின்ன நிதியும் வேண்டும். அது இல்லாமல் சட்ட அறிவு மட்டும் அவனைக் காப்பாற்றாது.

நான்கு, அடுத்த நோட்டீஸில் 'கலை நிகழ்ச்சி' என்ற வார்த்தை வேண்டாம். பேர் போடுங்கள். தலைவர் பேர் எந்த அளவு எழுத்தோ அதே அளவில்.

போன வாரம் அக்கா மகன் புதுசாக ஒன்று அனுப்பினான். அதே மொட்டைமாடி, இப்போது அஞ்சு பேர். அஞ்சாவது ஒரு பெண். வீடியோ கடைசியில் எல்லோருடைய பேரும் வரிசையாக வருகிறது. அந்த வரிசையில் அவர்களுடைய பாட்டியின் பேரும் இருந்தது. எதுக்குடா என்று கேட்டேன். 'ஒப்பாரி மெட்டு பாட்டியோடது மாமா' என்றான்.

பஸ்ஸில்தான் பார்த்தேன். சத்தத்தைக் குறைக்கவில்லை.

ஜெய்பீம்.